எறிக்குது

இருபத்தேழு வருடங்களாக நீதிமன்றத்தில் மற்றவர்கள் சொல்வதைத் தட்டெழுதிக்கொண்டிருக்கிறேன். வாய்க்குள் முணுமுணுக்கிற சாட்சிகளையும், ஒரு வரியில் கேட்கவேண்டியதை ஒன்பது வரியில் கேட்கிற சட்டத்தரணிகளையும் எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. பெயர் செல்வநாயகி. வேலை தென்மராட்சிப் பக்கத்தில். எந்த மன்றம் என்று சொல்லமாட்டேன், ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. இந்த இருபத்தேழு வருடத்தில் அந்த மண்டபத்துக்குள் நானாக வாய் திறந்தது ஒரே ஒரு தரம். அது உதயகலாவுக்காக. திறந்தது சரியா பிழையா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உதயகலாவுக்கு முப்பத்தேழு வயது. மீசாலையில் வீடு. கூரைகளில் ஏறிச் சோலார் பனல் பூட்டுகிற குழுவில் வேலை செய்தாள். சென்ற சித்திரையில் அவளுடைய வீட்டு முற்றத்தில் சுபாங்கன் என்கிற இருபத்தொன்பது வயது ஆள் மின்சாரம் தாக்கிச் செத்தான். களவாக வயருக்குக் கரண்ட் கொடுத்து, பொறி வைத்து அவனைக் கொன்றாள் என்பது பொலிஸ் வழக்கு. மூன்றரை மாதம் விளக்கமறியலில் இருந்துவிட்டு எங்கள் கூண்டில் வந்து நின்றாள். அவள் வீட்டுக்குப் போவதா, கொலைகாரியாக மேல் நீதிமன்றத்துக்குப் போவதா என்பதுதான் கேள்வி.

இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. மிச்ச விரல்களால் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. எதிரி என்றால் எங்கள் மன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர். அழுகிற எதிரிகளைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அழாதவர்களைக் கண்டால் பயம் வரும்.

அவளுடைய வாழ்க்கை வழக்கு ஏடுகளில் துண்டு துண்டாகக் கிடந்தது. மிச்சத்தை அவளுடைய தங்கை சாருஜா வராந்தாவில் வைத்துச் சொன்னாள். இரண்டாயிரமாம் ஆண்டு தென்மராட்சியில் சண்டை மூண்டபோது உதயகலாவுக்குப் பன்னிரண்டு வயது, சாருஜாவுக்கு மூன்று. ஊரே ஒழுங்கைக்குள் இறங்கி ஓடியது. தகப்பன் முன்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். ஷெல் விழுந்தது. புகை விலகினபோது சைக்கிளின் சில்லு சுற்றிக்கொண்டிருந்தது, அதைப் பிடித்திருந்த மனிதரில் பாதிதான் இருந்தது. பின்னால் வந்த சனம் நெருக்கித் தள்ளியது. உதயகலா தங்கையின் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, தகப்பனை மிதித்துக்கொண்டுதான் அந்த ஒழுங்கையைக் கடந்தாள். வேறு வழி இருக்கவில்லை. தாய் அந்தத் துக்கத்திலேயே இரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்தாள்.

"எங்கடை வீட்டிலை இருந்து இனி ஒருத்தரையும் குடுக்கமாட்டன்." அம்மாவின் செத்தவீட்டில் பதினாலு வயதுப் பெட்டை இப்படிச் சொன்னதாம். சொன்னதைக் காப்பாற்றவே அதற்குப் பிறகு வாழ்ந்தாள். சீமெந்து குழைத்தாள், கல் சுமந்தாள், வீடுகளுக்கு வயர் இழுக்கப் பழகினாள். கடைசியில் நாவற்குழிப் பிலிப்பு அண்ணையின் சோலார் குழுவில் சேர்ந்தாள். புத்தூரில் ஒரு வீட்டுக்காரர், தன் தலைக்கு மேலே பொம்பிளை ஏறக்கூடாது என்று படலையில் நின்று மறித்தார். "அப்ப நீங்கள் இறங்கி ரோட்டிலை நில்லுங்கோ ஐயா" என்று சொல்லிவிட்டு ஏணியைச் சாத்தினாள். வாய் அப்படி. கையும் அப்படித்தான். வல்வெட்டித்துறையில் ஒரு மாடிவீட்டில் பின்னால் வந்து இடுப்பைத் தொட்டவனின் மூக்கைச் சுத்தியலின் பிடியால் உடைத்திருக்கிறாள்.

தங்கையின் பதினோராம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தை அட்டை கிழியுமட்டும் படித்தாளாம். கேட்டால், "எனக்குச் சோறு போடுறவர் ஆரெண்டு நான் அறியவேண்டாமே?" என்பாளாம். சோறு போடுகிறவர் என்று அவள் சொன்னது சூரியனை. தன் வீட்டுக் கூரையிலும் தானே பதினாறு பனல்கள் பூட்டினாள்.

சுபாங்கன் சாருஜாவைக் கலியாணம் கேட்டான். சாருஜா முன்பள்ளி ஆசிரியை. மாட்டேன் என்று ஒரு சொல்லில் முடித்தாள். அவன் அதை மானப்பிரச்சினையாக எடுத்துக்கொண்டான். அவனோடு திரிந்ததுகளிடம் மோட்டார் சைக்கிளும் வாளும் இருந்தன, வேலை இருக்கவில்லை. போன மார்கழியில் முகத்தில் துணி கட்டிக்கொண்டு மூன்று பேர் வந்தார்கள். முற்றத்தில் குரைத்த நாயை முதல் வெட்டிலேயே இரண்டாக்கினார்கள். உதயகலா கதவைத் தோளால் அமுக்கிச் சாத்தினாள். சாத்திய நீக்கலுக்குள்ளால் வாள் வந்தது. இரண்டு விரல்கள் கதவுக்கு உள்ளே விழுந்தன. வாள் கதவுக்கு வெளியே போனது.

பொலிசில் போய்ச் சொன்னார்கள். விசாரணை நடக்கிறது என்றார்கள். நாலு மாதம் நடந்துகொண்டே இருந்தது. அந்த நாலு மாதமும் சுபாங்கன் பின்னேரங்களில் அந்த வீட்டு வாசலால் மெதுவாக மோட்டார் சைக்கிளில் போவான். ஒரு நாள் நிறுத்தி, வேலிக்கு மேலால் சொன்னான்: "விரல் உனக்கு. மூஞ்சை தங்கச்சிக்கு."

சித்திரைப் புத்தாண்டு முடிந்த கிழமை. சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேல் நிற்கிற நாட்கள். லைன் திருத்துவதற்காக ஒரு நாள் காலையிலிருந்து மாலைவரை கரண்ட் வெட்டப்படும் என்று முதல்நாளே அறிவித்திருந்தார்கள். கரண்ட் இல்லாவிட்டால் ரோட்டுக் கடைகளின் கமராவும் வேலை செய்யாது. அதற்காகத்தான் அந்த நாளையும் அந்த நடுப்பகலையும் பொறுக்கினான். அவன் மடையன் இல்லை.

கேற்றை அவன் உதைத்தது பன்னிரண்டு நாலுக்கு. நேரம் எப்படித் தெரியும் என்றால், சாருஜா அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு பொலிசின் அவசர இலக்கத்துக்கு எடுத்தாள், அந்த அழைப்பில் கேற் விழுகிற சத்தமே பதிவாகியிருக்கிறது. உதயகலா இரும்பு அலவாங்கோடு குசினி யன்னலுக்குப் பின்னால் நின்றாள். கூட வந்த இருவரும் யன்னல் கண்ணாடிகளை அடித்துக்கொண்டு வந்தார்கள். அறைக் கதவில் வாளால் கொத்துகிற சத்தமும், உள்ளே சாருஜா அலறுகிற சத்தமும் அந்தப் பதிவில் இருக்கின்றன. உதயகலா ஓடிப்போய் ஒருவனின் முழங்காலை அலவாங்கால் முறித்தாள். மற்றவன் அவளுடைய தோளைக் கிழித்தான். முறிந்தவனை இழுத்துக்கொண்டு அவன் வெளியே போக, அவள் குசினிக் கதவைச் சாத்தி முதுகு கொடுத்து நின்றாள்.

சுபாங்கன் வெளிச்சுவரில் இருந்தான். அங்கேதான் மெயின் சுவிட்சும், பனலிலிருந்து வருகிற கரண்டை வீட்டுக்கு மாற்றிக் கொடுக்கிற இன்வேட்டர் பெட்டியும் இருந்தன. மெயினை விழுத்தினான். பெட்டியை வாளின் பிடியால் உடைத்தான். கூரையிலிருந்து இறங்குகிற சிவப்பு வயரை வெட்டினான். ஒரு பொறியும் பறக்கவில்லை. கறுப்பு வயரையும் வெட்டினான், அதிலும் பறக்கவில்லை. ஊருக்கே கரண்ட் இல்லை, மெயினும் இல்லை, பொறியும் இல்லை, செத்த வயர் என்று நினைத்தான். பனல்களை அப்படியே கூரையிலிருந்து பிடுங்கி விழுத்துவதற்காக, தொங்கிய இரண்டு வயரையும் ஒவ்வொரு கையிலும் சுற்றிக்கொண்டான். அவள் யன்னலால் பார்த்துக் கத்தினாள். அவன் சிரித்தான். பிறகு இழுத்தான்.

வெட்டுப்பட்ட செம்புகள் இரண்டும் வியர்த்த இரண்டு உள்ளங்கைகளையும் தொட்டன. அவன் சத்தம் போடவில்லை. வாய் பூட்டிக்கொண்டது. உடம்பு வில்லாக வளைந்து, விரல்கள் வயரை இன்னும் இறுக்கின. அந்தக் கரண்ட் பிடித்தால் விடாது. உள்ளங்கைகள் கருகி மணந்தன. கூட வந்தவர்கள் அதைக் கண்டு ஓடிவிட்டார்கள். உதயகலா தடியோடு வெளியே பாய்ந்து வயர்களைத் தட்டிவிட்டாள். அப்போது நேரம் பன்னிரண்டு பன்னிரண்டு. அவன் முற்றத்தில் மல்லாந்து கிடந்தான், கண் திறந்திருந்தது, வெயில் நேரே அந்தக் கண்ணுக்குள் விழுந்தது.

இது நடந்தது. இனி மன்றத்தில் நடந்தது.

இறந்தவன் தரப்புச் சட்டத்தரணி நல்ல குரல்வளம் உள்ளவர், அதைத் தானே கேட்டு ரசிக்கிறவர். பிலிப்பு அண்ணை சாட்சிக்கூண்டில் நின்றார்.

"ஊருக்கே மின்சாரம் இல்லை. மெயின் சுவிட்ச் நிறுத்தப்பட்டிருந்தது. அப்படியிருக்க அந்த வயருக்கு மின்சாரத்தைக் கொடுத்தது யார்?"

"சூரியன்தான் ஐயா."

மண்டபம் சிரித்தது. சட்டத்தரணி அது முடியுமட்டும் காத்திருந்தார்.

"எப்போது கொடுத்தது?"

பிலிப்பு அண்ணை திரும்பிப் பார்த்தார். கூண்டில் நின்ற உதயகலாவைக் காட்டி, "உவளைக் கேளுங்கோ ஐயா, உவளுக்குத்தான் முழுக்கத் தெரியும்" என்றார். நீதவான் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். சொல்லட்டும் என்றார்.

"சூரியனுக்குள்ளை நெருப்பில்லை ஐயா," என்று அவள் தொடங்கினாள். "நெருப்பெண்டா எரிய ஒரு சாமானும் காத்தும் வேணும். அங்கை நடக்கிறது அடிபாடு."

என் விரல்கள் விசைகளில் நின்றுவிட்டன. அடிபாடு என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் சும்மா சொல்லமாட்டார்கள். இரண்டாயிரத்தில் நடந்ததும் எங்களுக்கு அடிபாடுதான்.

அவள் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். சூரியன் பெரும்பாலும் ஐதரசன்தான். மேலே கிடக்கிற பாரம் முழுவதும் நடுவில் இருப்பதைப் போட்டு அமுக்குகிறது. ஒன்றரைக் கோடி பாகை வெப்பம். அந்தச் சூட்டில் ஐதரசனின் கருக்கள் வெறிபிடித்து ஓடுகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே வகை மின்னேற்றம் என்பதால் ஒன்றை ஒன்று கிட்ட அண்டவிடாது. பாயும், தள்ளுப்படும், தெறித்துப் போகும். எண்ண முடியாத தரம் மோதினால் ஒரு தரம் இரண்டு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டி ஒட்டி நாலு ஐதரசன் கருக்கள் கடைசியில் ஒரு ஈலியக் கருவாக மாறுகின்றன. ஆனால் உள்ளே போன நாலின் திணிவையும், அதாவது நிறையையும், வெளியே வந்த ஒன்றின் திணிவையும் ஒப்பிட்டால், வந்தது கொஞ்சம் குறைவாக இருக்கும்.

"குறைந்தது எங்கே போனது?" நீதவானே கேட்டுவிட்டார்.

"அதுதான் ஐயா வெளிச்சமும் சூடும். அந்த அடிபாட்டிலை காணாமல் போனதுதான் எங்களுக்கு வெயிலா வருது. ஒரு செக்கனுக்கு நாப்பது இலட்சம் தொன் காணாமல் போகுது."

பின்வரிசை வாங்குகளில் இருந்த சனம் அசைந்தது. காணாமல் போனது என்பதும் எங்கள் ஊரில் சும்மா சொல்கிற சொல் இல்லை. சட்டத்தரணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்து முறைத்தேன், அவர் கவனிக்கவில்லை.

அந்த வெளிச்சம் பிறந்தவுடன் வெளியே வந்துவிட முடியாதாம். தேரன்று நல்லூர் வீதியில் சனத்துக்குள் அகப்பட்ட ஆள் ஒரு அடி வைப்பதும், இடிபட்டு வேறு பக்கம் திரும்புவதும், வந்த வழியே பின்னால் போவதுமாக நிற்பதுபோல, அது உள்ளுக்குள்ளேயே இடிபட்டுக்கொண்டு திரிகிறது. மேலே வந்து சேர ஒரு இலட்சம் வருடமும் ஆகலாம். மேலே வந்துவிட்டால் மறிக்க ஒருவரும் இல்லை. பதினைந்து கோடி கிலோமீற்றர் வெற்றுவெளி. காற்றும் தேவையில்லை, கம்பியும் தேவையில்லை. எட்டு நிமிடமும் இருபது செக்கனும், கூரைக்கு வந்துவிடும்.

"வந்து விழுந்த இடத்திலையும் அடிதான் ஐயா. பனலுக்குள்ளை இருக்கிற இலத்திரனை இடிச்சுக் கிளப்பும். அது ஓடுறதுதான் கரண்ட். பதினாறு பனலையும் தொடுத்தா அறுநூறு வோல்ற்றுக்கு மேலை. மெயினை விழுத்தினா ரோட்டுக் கரண்ட் நிக்கும். சூரியனுக்கு மெயின் இல்லை."

"பிறகேன் வெட்டினபோது பொறி பறக்கவில்லை?" என்று சட்டத்தரணி கேட்டார்.

"கரண்ட் ஓடினாத்தானே பொறி பறக்கும்? பெட்டி நிண்டுபோச்சு, ஓட வழியில்லை. வயருக்குள்ளை பாத்துக்கொண்டு நிண்டது. அவன் ரெண்டு கையாலையும் பிடிச்சு வழி குடுத்தவன்."

பொறி வைத்தாள் என்கிற கதை அந்த இடத்தில் செத்தது. நீதவான் வரவழைத்திருந்த மின்பொறியியலாளரும் அவள் சொன்னது சரி என்றார். சட்டத்தரணி விடுகிற ஆள் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். தாழ்த்தினால்தான் அவர் ஆபத்து.

"சரி. வயரில் மின்சாரம் இருப்பது உனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்தும் நீ அவரைச் சாகவிட்டாய். ஒரு சொல் எச்சரித்தாயா?"

உதயகலா அவரைப் பார்க்கவில்லை. கூண்டின் கம்பியைப் பார்த்தாள். "நான் சொன்னதெல்லாம் அதிலை இருக்கு," என்றாள்.

அதில் என்றால் பொலிசுக்குக் கொடுத்த வாக்குமூலத்தில். அதில் இருந்தது இவ்வளவுதான்: "அவர் வயர்களைக் கையில் சுற்றினார். அப்போது வெயில் எறித்துக்கொண்டிருந்தது. நான் கத்தினேன்." பயத்தில் கத்தியிருக்கிறாள், எச்சரிக்கை எங்கே என்றார் சட்டத்தரணி. பிறகு சாருஜாவின் அழைப்புப் பதிவைப் போடச் சொன்னார். கண்ணாடி உடைகிற சத்தம். கதவு. சாருஜாவின் அலறல். பிறகு கொஞ்ச நேர அமைதி, தூரத்தில் உதயகலாவின் குரல், "எறிக்குது!" என்று. ஒரு ஆண் சிரிக்கிறான். மறுபடியும், எறிக்குது, எறிக்குது, எறிக்குது. நாலு தரம். பிறகு ஒன்றுமில்லை.

"கேட்டீர்களா? ஒரு உயிர் போகிற நேரத்தில் இந்தப் பெண் வெயிலைப் பற்றிக் கதைக்கிறாள். இது கல்நெஞ்சம் இல்லையென்றால் வேறெது கல்நெஞ்சம்?"

முன்வரிசை வாங்கில் சுபாங்கனின் தாய் கமலாவதி சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். நீதவானின் முகம் இறுகிவிட்டது. உதயகலாவின் கதை முடிந்தது என்று நினைத்தேன். இருபத்தேழு வருடம் முகங்களைப் பார்த்தவளுக்கு அது தெரியாதா?

பிலிப்பு அண்ணையை அனுப்பிவிடுவதற்கு முன், உதயகலா பக்கத்துச் சட்டத்தரணி, புதிதாக வந்த ஒரு சின்னப் பெட்டை, ஏதாவது கேட்கவேண்டுமே என்பதற்காக ஒன்று கேட்டாள். "அப்படி நிறுத்தவே முடியாத கரண்ட் என்றால், நீங்கள் கூரையில் செத்துப்போகாமல் எப்படி வேலை செய்கிறீர்கள்?"

"கையுறை இருக்கம்மா. அதோடை, எங்களுக்குள்ளை ஒரு சொல் இருக்கு. ஆரும் வெறுங்கையோடை வயருக்குக் கிட்டப் போனா, எறிக்குது எண்டு கத்துவம். உயிர் இருக்கு, தொடாதை எண்டு அர்த்தம். ஊருக்கு அது வெயில், எங்களுக்கு அது கரண்ட்."

அந்தச் சின்னப் பெட்டை தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். படித்து என்ன பயன்! இறந்தவன் தரப்புச் சட்டத்தரணியும் கவனிக்கவில்லை, நீதவான் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லைத் தட்டெழுதிய எனக்கு மட்டும் விரல் சுட்டது. சற்று முன்னர்தான் அதே சொல்லை நாலு தரம் தட்டியிருந்தேன்.

எழுந்து நின்றேன்.

"ஐயா, மன்னிக்கவேணும். அந்தப் பதிவிலை இருக்கிறது வெயில் இல்லை."

நீதவான் என்னை ஒரு மேசை பேசினதைக் கண்டதுபோலப் பார்த்தார். வேலை போகப்போகிறது என்றே நினைத்தேன். அவர் பதிவை மறுபடி போடச் சொன்னார். முதலாவது "எறிக்குது" கேட்டதுமே பிலிப்பு அண்ணை சாட்சிக்கூண்டில் விம்மி விம்மி அழுதார். "ஓம் ஐயா, உது எங்கடை கத்து. உப்பிடிக் கத்தித்தான் என்னையும் ஒருக்காக் காப்பாத்தினவள்."

வாக்குமூலம் எழுதியவர் கெட்டவர் இல்லை. எங்கள் ஊரில் எறிக்குது என்றால் வெயில் அடிக்கிறது, அவ்வளவுதான். எறிக்குது எண்டு கத்தினன் என்று அவள் சொன்னதை அவர் காலநிலையாக எழுதிவைத்தார். அந்தக் காலநிலைக்காக ஒருத்தி தூக்குத் தண்டனைத் தீர்ப்பு வரைக்கும் போக இருந்தாள்.

கட்டளை அன்றைக்கே வந்தது. எதிரி பொறி வைக்கவில்லை, தற்காப்பில் இருந்தார், தான் அறிந்த சொல்லால் நான்கு தரம் எச்சரித்திருக்கிறார், விடுவிக்கப்படுகிறார். நான்தான் தட்டெழுதினேன். என் வாழ்க்கையில் ஒரு கட்டளையை இவ்வளவு சந்தோஷமாகத் தட்டியதில்லை. இடைவேளையில் ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு நாலுக்குக் கேற்றை உதைத்தான், பன்னிரண்டு பன்னிரண்டுக்குச் செத்தான். எட்டு நிமிடம். அவனைக் கொன்ற வெளிச்சம், அவன் காலைத் தூக்கிக் கேற்றை உதைக்கிறபோதுதான் சூரியனிலிருந்து புறப்பட்டிருக்கிறது. புறப்பட்டதை யாரால் திருப்ப முடியும்? என் மனம் ஆறிவிட்டது. இதில் உதயகலாவுக்கு ஒரு பங்கும் இல்லை என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் வெளியே வந்தேன். மன்றத்து வளவில் வெயில் கொளுத்தியது. உதயகலாவும் சாருஜாவும் படலையடியில் ஓட்டோவுக்காக நின்றார்கள். கமலாவதி மடித்த குடையைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் போய் நின்றார். ஏதாவது நடந்துவிடும் என்று நான் கிட்டப் போனேன்.

"என்ரை பெடியன் நல்லவன் எண்டு சொல்ல வரேல்லை," என்றார் கமலாவதி. "உன்ரை விரலை வெட்டினது அவன்தான். எனக்குத் தெரியும். அந்த வாளைக் கழுவிக் குடுத்தது நான்."

சாருஜா அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, வா. உவவோடை கதையாதை."

உதயகலா அசையவில்லை.

"ஒண்டு மட்டும் சொல்லு பிள்ளை. கரண்ட் எண்டு ஒரு சொல்லுக் கத்தியிருந்தா விட்டிருப்பான். சின்னனிலை இருந்து அவனுக்குக் கரண்டெண்டாப் பயம். உந்தச் சொல்லை ஏன் சொன்னனீ?"

ஓட்டோ வந்து நின்றது. உதயகலா விரல் இல்லாத கையால் முகத்து வியர்வையைத் துடைத்தாள்.

"முதல் தரம் தானா வந்ததம்மா. கூரையிலை நிண்டு பழகின வாய். சத்தியமாத் தானா வந்தது. அவன் சிரிச்சான். சிரிச்ச உடனை, அவனுக்கு விளங்கேல்லை எண்டு எனக்கு விளங்கிட்டுது."

"பிறகு?"

"பிறகும் மூண்டு தரம் கத்தினனான். அதே சொல்லை."

கமலாவதி குடையைக் கீழே போட்டுவிட்டு அறைந்தார். ஒரு அறை இல்லை, கை ஓயுமட்டும் அறைந்தார். உதயகலா கையை உயர்த்தவில்லை, சாருஜாவையும் கிட்ட வரவிடவில்லை. உதடு கிழிந்து இரத்தம் நாடியால் வழிந்தது. நான் மறித்திருக்கவேண்டும். மறிக்கவில்லை. கடைசியில் கமலாவதி அந்த வெயிலுக்குள்ளேயே நிலத்தில் குந்திவிட்டார், அவர்கள் ஓட்டோவில் ஏறிப் போய்விட்டார்கள்.

நான்கு தரம் எச்சரித்திருக்கிறார் என்று கட்டளையில் இருக்கிறது. வழக்குக் கோவையை எடுத்து இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன். என் தட்டெழுத்தில் ஒரு பிழையும் இல்லை.